அப்பாக்களோடு பணியாற்ற எந்த வாசல் வழியாக நுழைவது?

மதுரையில் சமூகப்பணி முதுகலை முடித்து, இரண்டு ஆண்டுகளாக ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது இப்படிக் கேட்டார்: "சார், சின்னப் பிள்ளைங்களோட அப்பாக்களுக்கு உதவுற வேலைதான் செய்யணும்னு இருக்கு. அதுக்கு எந்தப் பக்கம் போறது?" அன்று பாதி பதிலைத்தான் சொன்னேன். மீதியை எழுதிப் பார்த்தபோது, இதே கேள்வியோடு இருக்கும் வேறு சிலருக்கும் பயன்படலாம் என்று தோன்றியதால், அவர் முன்னுள்ள வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

அவர் கேட்ட பெயரில் தமிழ்நாட்டில் ஒரு பதவி கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், 1974-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய குழந்தைப்பருவக் குடும்பக் கல்வித் திட்டம் இன்றும் பள்ளி மாவட்டங்கள் வழியாக நடக்கிறது. அதில் பாடம் நடத்தும் பெற்றோர் கல்வியாளருக்கு, ஆசிரியருக்கு இருப்பதுபோலவே தனி உரிமம் உண்டு. அங்கே இது பெயர் சொல்லிச் சேரக்கூடிய ஒரு தொழில். நம் ஊரில் இதை வேறொரு பதவியின் மடியில் வைத்துத்தான் செய்ய முடியும். ஆகவே எந்தப் பதவிப்பெயர் நன்றாக இருக்கிறது என்று பார்ப்பதில் பொருளில்லை. எந்தப் பதவியில் இருந்தால் எந்த அப்பாவை, எந்த நேரத்தில், எத்தனை முறை சந்திக்க முடியும் என்பதே என் அளவுகோல்.

இந்த அளவுகோல் எனக்குப் பட்டுத்தான் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், ஓர் அங்கன்வாடியில் 'தந்தையர் கூட்டம்' என்று எழுதி ஒட்டி, வார நாளில் காலை 11 மணிக்கு நேரம் வைத்திருந்தேன். வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் குழந்தையின் தாத்தா. ஒருவர் சவாரியை முடித்துவிட்டு எட்டிப் பார்த்த ஆட்டோ ஓட்டுநர். மூன்றாமவர் ரேஷன் அட்டை தொடர்பான கூட்டம் என்று நினைத்து வந்தவர். அப்பாக்களுக்கு அக்கறை இல்லை என்று அன்றைய அறிக்கையில் எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முடி வெட்டிக்கொள்ளப் போனபோது, அதே தெருவைச் சேர்ந்த ஐந்தாறு அப்பாக்கள் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு சலூன் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பிள்ளைக்கு நாளிதழில் யானைப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். என் அறிக்கை தவறென்று அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

இன்னோர் இடமும் உண்டு. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ அன்று போய்ப் பாருங்கள். தாயும் குழந்தையும் உள்ளே இருக்க, அழைத்து வந்த தகப்பன் வெளியே மரத்தடியில் இருசக்கர வாகனத்தின் மேல் சாய்ந்துகொண்டு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறந்தவுடன் போடும் ஊசி போக, ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்கள், ஒன்பதாம் மாதம், பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் என்று அட்டவணை ஓடுகிறது. இரண்டு வயதுக்குள் அரசே ஐந்து முறை அவரை வாசல்வரை வரவழைத்துவிடுகிறது. உள்ளே கூப்பிடத்தான் ஆளில்லை. இதில் ஒரு சிக்கல், முதல் பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில் நடப்பதால், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பெண் புகுந்தவீடு திரும்பும்வரை பல அப்பாக்கள் வார இறுதியில் மட்டும் வந்து போகும் விருந்தாளிகளாகவே இருக்கிறார்கள். பிள்ளையின் அழுகையைப் பிரித்தறியப் பழகும் காலம் அவர்களுக்குக் கைநழுவிவிடுகிறது. அப்படிப் போனது அவர்கள் மனம் இல்லாததால் அல்ல, நம் வழக்கத்தின் அமைப்பால்.

இனி வழிகளைப் பார்ப்போம். பலருக்கும் முதலில் தோன்றுவது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. சின்னஞ்சிறு குழந்தைகளின் குடும்பங்களை இவ்வளவு நெருக்கமாகத் தொடும் வேறோர் அமைப்பு நம்மிடம் இல்லை. ஆனால் அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பெண்களாகவே நியமிக்கப்படுகிறார்கள். மேற்பார்வையாளர்களும் பெரும்பாலும் அவர்களிலிருந்தே வருகிறார்கள். என் மாணவர் ஆண் என்பதால் இந்தக் கதவு அவருக்கு ஏறக்குறைய அடைத்தே இருக்கிறது. திட்டத்தின் பேச்சும் தாயை நோக்கியே அமைந்திருக்கிறது. சமுதாய வளைகாப்பில் கர்ப்பிணிகளை வரிசையாக உட்காரவைத்துச் சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, கலவை சாதம் பரிமாறுவார்கள். கணவன்மார் பந்தலுக்கு வெளியே நின்று படம் எடுப்பார்கள். அந்தப் பந்தலுக்குள் அவர்களுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கினால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டபோது, சிரிப்புதான் பதிலாக வந்தது. இந்தத் துறையில் ஏற்கெனவே இருக்கும் பெண் மேற்பார்வையாளர் ஒருவர் அப்பாக்களையும் சேர்த்துக்கொள்ள முடிவெடுத்தால், மற்ற எல்லோரையும்விட அவரால் அதிகம் சாதிக்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். மையத்தின் பதிவேட்டில் பெயர், வயது, எடை எல்லாம் இருக்கின்றன. தகப்பனின் கைபேசி எண்ணையும் நேரத்தையும் எழுத ஒரு பத்தி போட்டாலே வேலை பாதி முடிந்தது.

அடுத்தது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர் ஆகிய ஒப்பந்தப் பணியிடங்கள் அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன. இரண்டுக்கும் தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய். சமூகப்பணி படித்தவருக்குத் தகுதி பொருந்தும். 'ஆற்றுப்படுத்துநர்' என்ற பெயரும் எனக்குப் பிடிக்கும், கவுன்சிலர் என்பதைவிட அதில் ஈரம் இருக்கிறது. ஆனால் அங்கே மேசைக்கு வரும் கோப்புகளின் இயல்பைக் கவனிக்க வேண்டும். மாதம் 4,000 ரூபாய் வழங்கும் நிதி ஆதரவுத் திட்டத்தையே எடுத்துக்கொண்டால், கணவனை இழந்த அல்லது கணவனால் கைவிடப்பட்ட தாய்மார்களின் பிள்ளைகளே அதில் முன்னுரிமை பெறுவோர். அப்பா இல்லாத வீடுகளில்தான் வேலை நடக்கும். அப்பா இருக்கும் வீட்டுக்குப் போக நேர்ந்தால், அநேகமாக அவர்மேல் ஒரு புகார் இருக்கும். விசாரிக்க வந்த அதிகாரியாகத்தான் அவர் உங்களைப் பார்ப்பார். குழந்தைப் பாதுகாப்பு பெரிய வேலை, அவசியமான வேலை. அப்பாக்களுக்குத் துணைநிற்கும் வேலை அது அல்ல.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆற்றுப்படுத்துநர்களுக்கு இடம் தருகிறது என்பதால் அதையும் சிலர் சொல்வார்கள். பிரிந்த தகப்பன், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்க்க வரும் காட்சியை அங்கே காணலாம். ஆனால் நாம் போய்ச் சேரும்போது காலம் கடந்திருக்கும். என் மாணவரின் நோக்கம் தொடக்கத்திலேயே அருகில் இருப்பது.

தொண்டு நிறுவனம் அவர் ஏற்கெனவே இருக்கும் இடம் என்பதால் அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சுதந்திரம் அங்கேதான் அதிகம். மாலை ஏழு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி அடியில் கூட்டம் போடலாம், சலூன்காரரிடம் பேசி ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே படக்கதைப் புத்தகங்களை வைக்கலாம். எந்த அரசாணையும் குறுக்கே நிற்காது. வெளியூர் வேலைக்குப் போயிருக்கும் அப்பாவுக்கு, மனைவியும் பிள்ளையும் பக்கத்தில் இருக்க, வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுப்பதுகூட வேலைக்குள் வரும். ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகர மதிப்போ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தொண்டு நிறுவனத் திட்டங்கள் பல அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. அந்த விதிகளில் 'தொடர் திட்டம்' என்பதற்கே, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள்தான் உச்ச வரம்பு. ஆக, பணம் தரும் நிறுவனம் நல்ல மனம் கொண்டதாக இருந்தாலும், திட்டத்தின் ஆயுள் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தெருவின் அப்பாக்கள் உங்களை நம்பிப் பேச ஓராண்டு ஆகும். அவர்களே அடுத்த வீட்டு அப்பாவைக் கூட்டிவர இரண்டாம் ஆண்டு ஆகும். மூன்றாம் ஆண்டின் பாதியில் நிறைவு அறிக்கைக்குப் புகைப்படம் கேட்பார்கள். நான் இருந்த ஒரு நிறுவனத்தில் இது அப்படியே நடந்தது. திட்டம் முடிந்த பிறகும் ஓர் அப்பா பல மாதங்கள் ஞாயிறுதோறும் அழைத்து, "இந்த வாரம் கூட்டம் இருக்கா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, திட்ட இலக்குகள் எண்ணிக்கையில் இருப்பதால், ஒரே அப்பாவை இருபது முறை சந்தித்ததைவிட இருபது அப்பாக்களை ஒருமுறை சந்தித்ததே அட்டவணையில் பெரிதாகத் தெரியும். இந்த வேலைக்கு அது நேர் எதிரான கணக்கு.

தனியார் வழியில் வருமானம் கூடுதலாக இருக்கலாம். மகப்பேற்று மருத்துவமனைகளில் கருவுற்றோர் வகுப்பு, பள்ளிகளில் பெற்றோர் பட்டறை, சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கத்துத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் மதிய உணவு நேர உரை என்று அது விரிகிறது. இங்கே வரும் அப்பாக்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். டயப்பர் மாற்றுவதை பொம்மையின்மேல் செய்து பழகுவார்கள். கேள்வியும் நன்றாகக் கேட்பார்கள். அவர்களுக்கும் உதவி தேவைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறையில் அப்படிச் சட்டப்பூர்வ உரிமை கிடையாது, நிறுவனம் மனம் வைத்தால்தான். 2017-இல் மகப்பேற்றுச் சலுகைச் சட்டம் திருத்தப்பட்டபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு நாளைக்கு நான்கு முறை போய்வரும் உரிமை தாய்க்குத் தரப்பட்டது. தகப்பனைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. இவற்றை நிர்வாகத்திடம் எடுத்துப் பேசக்கூடிய ஒருவர் உள்ளே இருந்தால் நல்லதுதான்.

எனக்குத் தயக்கம் வேறிடத்தில். 'பேரண்டிங் கோச்' என்று பலகை மாட்டுவதற்கு இங்கே யாரும் யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. அதனால் நன்கு படித்தவரும், இரண்டு காணொளி பார்த்துவிட்டு வந்தவரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள்; எடையைத் தீர்மானிப்பது இன்ஸ்டாகிராம். இருபத்தாறு வயதில், திருமணமும் ஆகாமல், சேமிப்பும் இல்லாமல் இந்தச் சந்தையில் இறங்குபவர், வேலையைவிடத் தன்னைப் பற்றிய விளம்பரத்துக்கே அதிக நேரம் செலவிட நேரும். பத்தாண்டு அனுபவத்தோடு நாற்பது வயதில் இதற்கு வருவது வேறு கதை.

மிச்சமிருப்பது நான் அவருக்குப் பரிந்துரைக்கும் வழி. வளர்ச்சித் தாமதமோ மாற்றுத்திறனோ உள்ள சிறு குழந்தைகளுக்கான தொடக்கநிலைத் தலையீட்டுப் பணிதான், அதாவது குறையைச் சீக்கிரமே கண்டறிந்து பயிற்சியும் சிகிச்சையும் தரும் பணிதான் அது. அவர் எதிர்பார்க்காத பதில் என்பதால் முகம் சற்றுச் சுருங்கியது, "அது ஸ்பெஷல் எஜுகேஷன் இல்லையா சார்?" என்றார். ஆம், அதுதான். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தொடக்கநிலைத் தலையீட்டு மையங்கள் இயங்குகின்றன. குழந்தை மருத்துவர், உளவியலாளர், இயன்முறை சிகிச்சையாளர், சிறப்புக் கல்வியாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பது அவற்றின் வரைவு. சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 2005-இல் அமைக்கப்பட்ட, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் இப்பணி நடக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், 1981-இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் செய்யும் தலையீட்டை நெடுங்காலமாக நடத்தி வருகிறது.

அப்பாக்களோடு பணியாற்ற நினைப்பவருக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே அப்பாவின் தேவை மரியாதைக்காகச் சொல்லப்படுவதல்ல. பேச்சுப் பயிற்சியாளர் வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் குழந்தையோடு இருப்பார். மீதி நேரம் முழுவதும் வீட்டில்தான் கழிகிறது. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, சட்டை மாட்டுவது ஆகிய அன்றாட வேலைகளுக்குள்தான் பயிற்சியை நுழைக்க வேண்டும். அதைத் தாய் ஒருத்தியே சுமந்தால் ஆறு மாதத்தில் ஓய்ந்துபோவார். ஆகவே அப்பாவைக் கூப்பிட நமக்கு ஒரு காரணம் இருக்கிறது; அவருக்கும் வருவதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. தேதி குறித்துக் கொடுத்தால் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருவார்.

ஒருவரை மறக்க முடியாது. பெயிண்டர், நகக்கண்ணில் எப்போதும் நீலமோ வெள்ளையோ ஒட்டியிருக்கும். இரண்டரை வயது மகன் ஒரு சொல்லும் பேசவில்லை. மருத்துவ அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். உள்ளே மனைவியும் பயிற்சியாளரும் இருக்கும்வரை வாயே திறக்க மாட்டார். வண்டி நிறுத்துமிடத்தில்தான் கேட்டார்: "சார், இவன் பேசிருவான்ல?" நான் உறுதி எதுவும் தரவில்லை. பையன் வண்டிச் சாவியைப் பிடுங்க வந்துகொண்டிருந்ததைக் காட்டி, சாவியைக் கொடுக்காமல் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "வண்டி" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, ஐந்து எண்ணும்வரை காத்திருக்கச் சொன்னேன். அவர் இரண்டு எண்ணுவதற்குள் கொடுத்துவிட்டார். மறுபடி மூன்று. நான்காம் முறை ஐந்துவரை பொறுத்தார். பையன் அப்பாவின் முகத்தைப் பார்த்து உதட்டைக் குவித்து "வ்வ" என்றான். அது சொல் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். ஐந்து எண்ணிக் காத்திருப்பது எல்லாக் குழந்தைகளின் அப்பாக்களுக்கும் பயன்படும் வித்தைதான். அதைக் கற்றுக்கொடுக்கும் கையை இங்கே பழக்கிக்கொண்டால் சலூன் பெஞ்சிலும் செல்லுபடியாகும்.

இவ்வழியின் இன்னொரு பலம் சட்டம். 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, சிறப்புக் கல்வியாளர் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. (அந்த அபராதத் தொகையைக் கேட்டால் இன்று யாரும் அஞ்சமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.) ஆனாலும், ஒரு பதிவு எண் கையில் இருந்தால் திட்டம் முடிந்தாலும் தொழில் முடியாது, அரசு மையம், பள்ளி, தொண்டு நிறுவனம், சொந்தமாக வீட்டுப் பயிற்சி என்று இடம் மாறிக்கொள்ளலாம். சமூகப்பணிப் பட்டத்துக்கு நாட்டில் இப்படிப்பட்ட பொதுவான பதிவுக் குழுமம் இல்லை என்பதை, வேலை தேடியவர்கள் அனைவரும் அறிவார்கள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. அந்தப் பதிவைப் பெறப் படிக்க வேண்டிய சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்புக்கு இன்னும் இரண்டு ஆண்டு வேண்டும். ஏற்கெனவே முதுகலை முடித்தவருக்குப் பட்டயத்தில் போய் உட்காருவது கௌரவக் குறைவாகத் தோன்றலாம், வீட்டிலும் கேட்பார்கள். மையங்களின் பணியிடங்களிலும் ஒப்பந்த நியமனம் மிகுதி. எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்தை விட்டுப்போன அப்பாக்களை இங்கே அடிக்கடி சந்திக்க நேரும். சந்திப்பது என்றுகூடச் சொல்ல முடியாது, விண்ணப்பத்தில் 'தந்தை பெயர்' என்ற கட்டத்துக்கு முன் பேனாவோடு தயங்கும் தாய்மார்கள் வழியாகத்தான் அவர்களை அறிவோம். அந்தக் கோபத்தை அடுத்து வரும் அப்பாமேல் காட்டாமல் இருக்கத் தனிப் பயிற்சி வேண்டும். எனக்கு அது கைவரச் சில ஆண்டுகள் ஆயின.

இதே கேள்வியை ஒரு பெண் கேட்டிருந்தால் என் வரிசை சற்று மாறியிருக்கும். மாலை ஏழு மணிக் கூட்டங்களும் வண்டி நிறுத்துமிடப் பேச்சும் அவருக்கு எளிதல்ல. ஆனால் அங்கன்வாடித் துறையின் கதவு திறந்திருக்கும், மனைவி வழியாக வீட்டுக்குள் போகும் பாதையும் உண்டு. வீட்டின் உடனடி வருமானத் தேவை நெருக்குபவராக இருந்தால், பாதுகாப்பு அலகின் 18,536 ரூபாயை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தனக்கென வைத்துக்கொள்வதையும் நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

என் மாணவரின் நிலைமை வேறு. தற்போதைய திட்டம் அடுத்த மார்ச்சில் முடிகிறது; தம்பி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டதால் இரண்டு ஆண்டு தாங்கிக்கொள்ள முடியும் என்கிறார். பட்டயப் படிப்பின் சேர்க்கை அறிவிப்பு வரும்வரை, புதன்கிழமை காலைகளில் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மரத்தடியில் நின்று, சாய்ந்திருக்கும் வண்டிகளில் எத்தனை அப்பாக்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லியிருக்கிறேன். முதல் வாரக் கணக்கை நேற்று அனுப்பியிருந்தார்: ஒன்பது பேர், அவர்களில் இருவர் ஊசி போடும்போது குழந்தையைப் பிடித்துக்கொள்ளத் தாங்களாகவே உள்ளே போனார்களாம்.